தாய்க்கு ஒவ்வாத பிள்ளை

மருதமுனையில் எங்கள் வீடுகள் இருக்கிற ஒழுங்கையில் வைத்தியம் தெரியாத ஆளே கிடையாது. ஒரு பிள்ளை தும்மினால் போதும், வேலிக்கு மேலால் நாலு மருந்து வந்து விழும். றுகையாவின் மகள் றாஹிலாவுக்கு முகத்தில் கரப்பான் என்கிற தோல்நோய் வந்தபோது இந்த ஒழுங்கை தன் முழுத் திறமையையும் காட்டியது. அதற்குள் அகப்பட்டு அந்தத் தாய் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன். நான் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி. கோபத்தோடு சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், ஓம், கோபம்தான்.

றுகையா கைத்தறி நெய்கிறவள். தாயும் தகப்பனும் மௌத்தாகும் முன் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில், முன்னறையில் ஒரு குழித்தறி. குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்தாளென்றால் பகல் முழுக்க அங்கேதான். அவளுடைய மாப்பிள்ளை அதாவுல்லா பாலமுனைக்காரன். எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்து குடியிருந்தான். விடியத் தோணிக்குப் போய் வெயில் ஏறத் திரும்புவான். நல்ல மனிதன். பேச்சுக் குறைவு, கோபம் குறைவு, உதவியும் குறைவு.

பல் முளைக்கும் முன்பே பிள்ளையின் இரண்டு கன்னமும் சிவந்து பொரிந்தன. முதலில் வேர்க்குரு என்றோம். பிறகு அது நாடி வரைக்கும் இறங்கி, நீர் கசிந்து, மஞ்சளாகப் பொருக்குக் கட்டியது. பிள்ளை சிரித்தால் பொருக்கு வெடித்து இரத்தம் வரும். அதனால் றுகையா பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுவதையே விட்டுவிட்டாள். தன் பிள்ளை சிரித்துவிடக் கூடாதே என்று ஒரு தாய் பயப்படுகிற நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

பகலில் அரிப்பு ஓரளவு அடங்கியிருக்கும். ஏணையில் படுக்கப் போட்டதும் தொடங்கும். பிள்ளை தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டி ஏணைத் துணியில் கன்னத்தைத் தேய்க்கும். தூக்கி வைத்தால் தாயின் தோளில் தேய்க்கும். நகத்தை ஒட்ட வெட்டினாலும் எப்படியோ கீறிக்கொள்ளும். றுகையா நின்றபடியும் சுவரில் சாய்ந்தபடியும் தூங்கப் பழகிக்கொண்டாள். சில நாள் தறியில் நாடா ஓடுகிற சத்தம் திடீரென்று நின்றுபோகும். எட்டிப் பார்த்தால் துணியின் மேல் நெற்றியை வைத்துக் கண்ணயர்ந்திருப்பாள்.

பாண்டிருப்பில் பூபாலசிங்கம் பரிசாரியாரிடம் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கரப்பான்தான் புள்ள. வயசு போகப் போகக் குறையும். அதுவரைக்கும் பொறுமையா இரி" என்றார். ஒரு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். பிள்ளை பால் குடிப்பதால் தாய்க்குப் பத்தியமும் சொன்னார். இறால், நண்டு, கருவாடு, முட்டை, கத்தரிக்காய், பலாப்பழம் எதுவும் கூடாது. கடற்கரை ஊரில் இத்தனையையும் தள்ளிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? றுகையா மிளகுத் தண்ணீரை ஊற்றிச் சோறு தின்றாள். கழுத்தெலும்பு தெரிய மெலிந்துபோனாள். பிள்ளையின் கன்னம் மட்டும் அப்படியே இருந்தது.

ஒழுங்கை அவளைச் சந்தேகப்பட்டது. எங்களுக்கெல்லாம் மூத்தவள் சல்மா உம்மா. ஒருநாள் வேலியில் சாய்ந்துகொண்டு விசாரணையைத் தொடங்கினாள்.

"என்னகா, முகம் இன்னும் ஆறல்லையா? எறால் திண்டியா?"

"இல்ல சாச்சி."

"நீ மறந்து திண்டிருப்பா."

"எறால மறந்து திங்கிறதா சாச்சி? நான் அதக் கனவுலதான் காணுறன்" என்றாள் றுகையா. அவள் வாயிலிருந்து வந்த கடைசிப் பகிடி அதுதான் என்று நினைக்கிறேன். பிறகு கனகாலம் அவளுக்குப் பகிடி வரவில்லை.

கண்ணூறு என்று ஒருத்தி சொன்னாள். லெப்பை வந்து ஓதி ஊதினார். செத்தல் மிளகாயைப் பிள்ளையின் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டோம். வேப்பிலை அவித்த தண்ணீர், மஞ்சள், தேங்காய்ப்பால், கடல் தண்ணீர் எல்லாம் அந்தச் சின்ன முகத்தில் பட்டுப் போயின. ஒன்று எரியும், அதை ஆற்ற இன்னொன்று. கல்முனைக்குப் போய் ஆசுபத்திரியிலும் காட்டினாள். அங்கே தந்த வெள்ளைக் களிம்பு நல்ல மருந்து. பூசுகிற நாட்களில் சிவப்பு இறங்கும். முடிந்ததும் திரும்பப் பொரியும்.

இவ்வளவு மருந்துக்கும் இடையில் அவள் தவறாமல் செய்த காரியம் ஒன்று உண்டு. எங்கள் நெசவு வீடுகளில் அது ஒரு பழக்கம். கரப்பான், சிரங்கு வந்த பிள்ளையின் உடம்பில் பழந்துணி படக் கூடாது. பிறர் உடம்பில் பட்ட துணியில் நோய் வருத்தம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பார்கள். தறியிலிருந்து அறுத்த, ஒரு சொட்டுத் தண்ணீரும் படாத புதுத்துணிதான் சுத்தம். மற்ற ஊர்க்காரர் அதற்கு எங்கே போவார்கள்? எங்களுக்கு வீட்டுக்குள்ளேயே விளைகிறது. றுகையா தான் நெய்த, ஆம்பிளைகள் உடுத்துகிற சாரன்களின் கடைசித் துண்டுகளைப் பிள்ளைக்கென்று எடுத்துவைத்தாள். ஏணை புதுத்துணி. முகம் ஒற்றுவது புதுத்துணி. பிள்ளை கீறாமலிருக்க இரண்டு கைக்கும் சின்னப் பை தைத்து மணிக்கட்டில் கட்டிவிட்டாள், அதுவும் புதுத்துணி. ஊத்தையானால் கழுவமாட்டாள். எறிந்துவிட்டு வேறொன்று வெட்டுவாள்.

"என்ட கையால நெய்த துணி. இதவிடச் சுத்தம் என்ன கிடக்கு?" என்று கேட்பாள். உண்மைதானே என்று நாங்களும் தலையாட்டினோம். அவளைப் பற்றி ஒழுங்கையில் யாரும் குறை சொல்லாத ஒரே விஷயம் அது. மற்ற வீட்டுப் பிள்ளைகளும் அதே துணியில்தான் புரண்டு வளர்ந்தன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அரிசி விலையை ஏற்றியதற்காக நாடெல்லாம் கடையடைத்த வருஷம், அதாவுல்லாவின் மூத்த சகோதரி றஹீமா பாலமுனையிலிருந்து பார்க்க வந்தாள். கல்யாணம் முடித்து எத்தனையோ வருஷம், பிள்ளையில்லாதவள். அவள் உள்ளே வந்தபோது ஏணையில் பிள்ளை கதறிக்கொண்டிருந்தது. றுகையா தறிக் குழிக்குள் உட்கார்ந்தபடியே நித்திரை. அந்தச் சத்தத்திலும் அவள் கண் திறக்கவில்லை. றஹீமா பிள்ளையைத் தூக்கினாள், பிறகு றுகையாவின் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"நான் ரெண்டு கிழமைக்குக் கொண்டு போறன் புள்ள. நீ கொஞ்சம் படு" என்றாள்.

றுகையா மறுக்கவில்லை. மறுக்கத் தென்பில்லை. பால் மறக்கடித்துச் சில நாளாகியிருந்தது, அதனால் அதைச் சொல்லியும் தடுக்க முடியாது. பிள்ளை உடுத்திருந்த சட்டையோடு போனது. றுகையா அன்று பகல் விழுந்தவள் அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குத்தான் எழுந்தாள்.

இரண்டு கிழமை கழித்து அதாவுல்லா பிள்ளையைக் கொண்டுவந்தான். எங்கள் ஒழுங்கை முழுக்கக் கூடிவிட்டது. கன்னம் ஆறி, தோல் மெல்லிசாக மினுங்கிக்கொண்டிருந்தது. றாஹிலா இவ்வளவு வடிவான பிள்ளை என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். றுகையா அந்தக் கன்னத்தில் முத்தம் கொஞ்சக்கூடப் பயந்தாள். புதுத்துணியில் ஏணை கட்டி, புதுப் பை தைத்து, கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாள். ஒரு கிழமை போகவில்லை, மறுபடியும் பொரிந்துவிட்டது.

றஹீமா இன்னொரு முறை வந்து கொண்டுபோனாள். இந்தமுறை றுகையா துணி கட்டிக் கொடுக்கப் பார்த்தாள். "எங்கட ஊட்டுல துணி இல்லாமலா கிடக்கம்?" என்று றஹீமா முகம் சுளித்தாள். பிள்ளைக்கு அங்கே ஆறியது. திரும்பி வந்தது, இங்கே பொரிந்தது.

அதற்குப் பிறகு ஒழுங்கைக்குத் தீர்ப்புச் சொல்வதில் தயக்கமே இல்லை. பாலைக் குற்றம் சொல்ல முடியாது, பிள்ளை குடிப்பதில்லை. அதனால் தாயின் சாப்பாட்டையும் சொல்ல முடியாது. அப்போது மிச்சம் இருந்தது தாய்தான். "இந்தப் புள்ள தாய்க்கு ஒவ்வல்லகா" என்றாள் சல்மா உம்மா. "சில புள்ளையள் அப்பிடித்தான். பெத்த கை பட்டாலே ஆகாது." கொஞ்சமும் வன்மம் இல்லாமல் சொன்னாள். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது.

றுகையா அதை நம்பினாள். பிள்ளையைத் தூக்கும் முன் கையைக் கழுவத் தொடங்கினாள். பிறகு தூக்குவதையே குறைத்தாள். பிள்ளை அழுது கையை நீட்டினால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அங்கே நின்று அழுவது எனக்கு வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு அதாவுல்லா முடிவைச் சொன்னான்.

"இஞ்ச பாரு றுகையா, புள்ள அங்க நல்லா இரிக்கி. இனி அங்கயே வளரட்டும். றஹீமா ராத்தாக்கும் ஆருமில்ல."

"எனக்கு மட்டும் ஆரு இரிக்காங்க?"

அவன் எழும்பினான். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அவள் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. முகம் ஆறிய பிள்ளை வேண்டுமா, தன் மடியில் இருக்கிற பிள்ளை வேண்டுமா என்று கேட்டால் எந்தத் தாய்தான் என்ன சொல்வாள்? பிள்ளையைத் தானே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். வந்து தறியில் உட்கார்ந்தாள். அந்த மாதங்களில் அவள் நெய்ததைப் போல் எங்கள் ஒழுங்கையில் யாரும் நெய்ததில்லை. நித்திரை தாராளமாகக் கிடைத்தது. ஆனால் ஆள் முன்னையைவிடக் களைத்துப்போய்த்தான் இருந்தாள்.

இடைக்கிடை பாலமுனைக்குப் போவாள். வாசலில் இருந்து பார்ப்பாள், கிட்டே போகமாட்டாள். ஒருமுறை போனபோது பிள்ளை றஹீமாவின் மாப்பிள்ளையுடைய பழைய சாரன் துண்டு ஒன்றில் முகத்தைப் புதைத்துப் படுத்திருந்தது. நிறம் போய், நூல் நூலாகிப்போன துண்டு. நெசவுக்காரியின் பிள்ளை கந்தலில் கிடக்கிறதே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து நல்ல சிவப்பு நூலில் கட்டம் போட்டு ஒரு துணி நெய்தாள். ஏணைக்கு, முகம் ஒற்ற, கைக்குப் பை என்று எல்லாம் வெட்டித் தைத்துக் கொண்டுபோனாள்.

"மதினி, இதையாவது என்ட புள்ளைக்கு நான் குடுக்கன். வேணாமெண்டு மட்டும் சொல்லாதீங்க" என்றாள்.

றஹீமா இந்தமுறை முகம் சுளிக்கவில்லை. இரக்கப்பட்டு வாங்கிக்கொண்டாள்.

கொஞ்ச நாள் போயிருக்கும். பாலமுனைப் பக்கமிருந்து கருவாடு கொண்டுவந்து விற்கிற ஜவுபர், றுகையாவின் வாசலில் சைக்கிளை நிறுத்தினான். நான் அப்போது அங்கேதான் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"உங்கட புள்ளைக்குத் திரும்பவும் முகம் பொரிஞ்சிட்டாம். றஹீமாத்தா அழுதுட்டு இரிக்கா. சொல்லச் சொன்னா" என்றான்.

றுகையா சிரித்தாள். நான் என் கண்ணால் பார்த்தேன். பிள்ளைக்கு வருத்தம் என்று சொல்ல, பெற்ற தாய் வாய்விட்டுச் சிரிக்கிறாள். ஜவுபர் பயந்துபோய்ச் சைக்கிளைத் திருப்பிவிட்டான். அவள் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

"என்னால இல்லகா" என்றாள். "அங்கயும் வந்திரிக்கி. நான் தொடக்கூட இல்ல. என்னால இல்ல."

பிறகுதான் பிள்ளையின் நினைவு வந்து, சிரித்ததற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டு, உடுத்த சேலையோடு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அங்கே நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள். பிள்ளை றஹீமாவின் மடியில் இருந்தது. கன்னம் இரண்டும் பழையபடி. கையில் கட்டியிருந்த பையால் கன்னத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தது. பை எச்சிலில் ஊறிப்போயிருந்தது. றுகையா முடிச்சை அவிழ்த்துப் பையை உருவினாள். பிள்ளையின் விரல்கள் சிவப்பாக இருந்தன. இரத்தம் என்று பதறிவிட்டாள். துடைத்துப் பார்த்தால் காயம் இல்லை. சாயம்.

அந்தச் சிவப்பு விரல்களை அவள் தன் வீட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். நாங்களும் பார்த்திருக்கிறோம். ஆனால் மருதமுனையில் சாயம் படியாத கை யாருடையது? கதவில் சாயம், சட்டியில் சாயம், எங்கள் நகத்துக்குள் சாயம். பிள்ளையின் கையில் இருந்தது யாருடைய கண்ணிலும் படவில்லை. பாலமுனையில் மீன்காரர் வீட்டில், யாருடைய கையிலும் சாயம் இல்லாத இடத்தில்தான் அது தெரிந்தது. சாயமும் கஞ்சி மொடமொடப்பும் போகாத துணியைக் கன்னத்தோடு கட்டிவிட்டு, ஏன் ஆறவில்லை என்று ஊரெல்லாம் மருந்து கேட்டிருக்கிறாள். மற்றப் பிள்ளைகளின் தோல் தாங்கியது, இந்தப் பிள்ளையின் தோல் தாங்கவில்லை, அவ்வளவுதான். அவளுடைய கை குற்றமில்லை. அவள் கை செய்த வேலைதான் குற்றம். இதில் எது ஆறுதல் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

"மதினி, அந்தப் பழைய சாரன் துண்டு கிடக்கா?" என்று கேட்டாள்.

அவள் அங்கேயே தங்கினாள். புதுத்துணி எல்லாவற்றையும் கழற்றி ஒதுக்கினாள். கிணற்றுத் தண்ணீரில் முகத்தைக் கழுவி, பழந்துணியால் மெல்ல ஒற்றி, தேங்காயெண்ணெய் தடவினாள். பயப்படாமல் தூக்கினாள். நாளுக்கு நாள் சிவப்பு இறங்கியது. பொருக்கு உதிர்ந்த அன்று அவள் றஹீமாவிடம் எல்லாவற்றையும் விளங்கப்படுத்திச் சொன்னாள்.

றஹீமா கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு எதனால் வந்தது என்று தெரிந்ததில் அவளுக்கும் சந்தோஷம்தான். அல்ஹம்துலில்லாஹ் என்றாள். பிறகு பிள்ளையின் தலைமுடியைக் கோதிவிட்டாள்.

"அப்ப நீ புள்ளையக் கொண்டு போயிருவா" என்றாள்.

"ஓம் மதினி."

"நான் ஒண்டும் சொல்ல ஏலாது. உன்ட புள்ள" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், பிள்ளையின் சட்டைகளையும் அந்தப் பழைய துண்டுகளையும் ஒரு பெட்டிக்குள் அடுக்கினாள். ஒவ்வொன்றையும் மடித்தாள், உதறினாள், திரும்ப மடித்தாள். பஸ் வரும் நேரமாகிவிட்டது என்று அவளுடைய மாப்பிள்ளை இரண்டு தரம் சொன்ன பிறகுதான் பெட்டியை மூடினாள்.

அதோடு கரப்பான் அடியோடு போய்விட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். பரிசாரியார் சொன்னதுபோல் அது வயதோடு குறைய வேண்டிய வருத்தம். மழைக்காலத்தில் கொஞ்சம் தலைகாட்டும். றுகையா நெய்துவிட்டு எழும்பினால் கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, சேலை மாற்றித்தான் பிள்ளையைத் தொடுவாள். ஊரெல்லாம் அலைந்து பழந்துணி கேட்பாள். நெசவுக்காரி வந்து கந்தல் கேட்கிறாளே என்று சிரித்தவர்கள் உண்டு. வேலை இரட்டிப்பாகியது. ஆனால் அது செய்து முடிக்கக்கூடிய வேலை.

அன்றைக்குப் பாலமுனைச் சந்தியில் பஸ் ஏறியபோது பிள்ளை றஹீமாவின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பஸ் புறப்பட்டதும் பிள்ளை ஜன்னலுக்கு வெளியே றஹீமாவை நோக்கி இரண்டு கையையும் நீட்டி, "உம்மா! உம்மா!" என்று தொண்டை கிழியக் கத்தியது. றஹீமா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு ரோட்டோரத்தில் அப்படியே நின்றாள். களியோடைப் பாலம் தாண்டியும் பிள்ளை அடங்கவில்லை. திமிறியது, தாயின் நெஞ்சில் உதைத்தது, பின்னாலேயே பார்த்து "உம்மா" என்று அழுதது.

பக்கத்தில் இருந்த காரைதீவுப் பெண் செல்லத்தங்கம் குனிந்து பிள்ளையின் முதுகைத் தடவினாள்.

"ஏன் குஞ்சு அழுறாய்? அம்மாட மடியிலதானே இருக்காய்?"

றுகையா பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அவ உம்மாவ உட்டுட்டு வாறா அக்கா" என்றாள். "அழட்டும்."